நாலரை மணிக்குப் பிறகு: பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளிக் கபடி அணியின் ஓராண்டு

நெல்லைச் சீமையில் அரசுப் பள்ளி விளையாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால், மைதானம் இல்லை என்பார்கள். அடுத்து, பணம் இல்லை என்பார்கள். பல பள்ளிகளில் இரண்டும் உண்மை. ஆனால் பாளையங்கோட்டையை ஒட்டி, மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் கபடி அணியை 2024-25 கல்வியாண்டில், ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் பொங்கல் விடுமுறை வரை தொடர்ந்து கவனித்தபோது, அந்த அணி கலைந்ததற்கு வேறொரு காரணம் தெரிந்தது. மைதானம் இருந்தது. ஆடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். குறைவாக என்றாலும் பணமும் வந்தது. மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்ட பிறகு அந்தப் பிள்ளைகளோடு ஆறு மணி வரை மைதானத்தில் நிற்கப் பொறுப்பான ஒரு பெரியவர் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனதால் என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வு. பிள்ளைகள் சிறுமிகள் என்பதாலும், குறை பள்ளியின் மேல் விழக் கூடாது என்பதாலும் பெயர்கள் எதையும் குறிப்பிடவில்லை.

கபடியில் களத்தில் 7 பேர், மாற்றுக்கு 5 பேர், ஆக 12 பேர். இந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பத்தாம் வகுப்பு. மற்றவர்கள் எட்டிலும் ஒன்பதிலும் படித்தார்கள். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடினார்கள். பெற்றோரில் பெரும்பாலான தாய்மார்கள் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். தந்தையர் கட்டட வேலைக்கும் லோடு ஏற்றும் வேலைக்கும் போகிறவர்கள். நான்கு பிள்ளைகளுக்குக் கபடி வீட்டிலிருந்தே வந்தது. இந்தப் பக்கத்தில் அம்மன் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் இரவு முழுக்கக் கபடிப் போட்டி நடக்காத ஊர் குறைவு. அண்ணனும் மாமாவும் ஆடுவதைப் பார்த்தே பிள்ளைகள் பாடிப்போகப் பழகிவிடுகிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995-இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் ஊர் தாமிரபரணிக்குத் தெற்கே, 1986 வரை இதே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இங்கே விளையாட்டு ஆர்வம் ஒருவர் வந்து ஊட்ட வேண்டிய பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

எதிரே நிற்கும் அணிகள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பது பழைய வழக்கு. சவேரியார், ஜான்ஸ், சாராள் தக்கர் என்று கிறிஸ்தவ சபைகள் தொடங்கி நூறாண்டு கடந்த பள்ளிகள் இங்கே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்ததால், ஊருக்கு நடுவிலேயே பெரிய மைதானங்கள் அவற்றுக்கு வாய்த்தன. அண்ணா விளையாட்டரங்கமும் வ.உ.சி. மைதானமும் இதே ஊரில்தான். பின்னால் வந்த அரசுப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் மிஞ்சிய இடத்தில் எழுந்தவை. பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கல்வித்துறை பள்ளிகளைக் குறுவட்டங்களாகப் பிரிக்கும்போது இவை எல்லாமே ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. குழு ஆட்டத்தில் குறுவட்டத்தில் வென்ற அணி மட்டுமே மாவட்டப் போட்டிக்குப் போகும். தோற்ற அணிக்கு அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டிலேயே முடிந்துவிடும்.

இந்த அணி குறுவட்டத்தில் முதல் ஆட்டத்தில் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஒரு தனியார் பள்ளியிடம் சில புள்ளிகளில் தோற்றது. அந்த எதிரணிக்கு அதிகப் புள்ளி எடுத்துத் தந்த ரெய்டர், எட்டாம் வகுப்பு வரை இதே அரசுப் பள்ளியில் படித்தவர். நன்றாக ஆடும் பிள்ளையைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டு, தங்க இடமும் சாப்பாடும் தருகிற பள்ளிகள் இருக்கின்றன. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது பெற்றோர் அனுப்புவதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. காலையும் மாலையும் பயிற்சியாளர் இருக்கிற இடத்துக்குத்தான் பிள்ளை போனது. ஆனால் அரசுப் பள்ளிக்கு அதன் விளைவு கடுமையானது. ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, ஆட்டத்தின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் உழைப்பு இங்கே. வெற்றிக் கோப்பையும் அதனால் அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளும் அங்கே.

டீச்சர் யார்?

இந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஒன்று இருக்கிறது. அதில் இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு அது நிரப்பப்படவில்லை. அவருக்குப் பதிலாக மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பகுதிநேர ஆசிரியை. இந்தப் பகுதிநேரப் பணியின் வரலாறு தெரியாமல் பள்ளி விளையாட்டின் இன்றைய நிலை விளங்காது. 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகத் தமிழ்நாடு முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக உயர்ந்து 2021-இல் 10,000 ஆகவும், பிறகு 12,500 ஆகவும் ஆனது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தி படிக்கிற யாரும் அறிவார்கள்.

சம்பளத்தைவிட இந்த ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று. இப்பணியிடங்கள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. கல்வி உரிமைச் சட்டம் பேசுவதும் அந்த வகுப்புகளின் பகுதிநேரப் பயிற்றுநர்களைப் பற்றித்தான். ஆகவே, காகிதத்தின்படி பார்த்தால், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும் 17 வயதுக்குட்பட்டோர் அணி இந்த ஆசிரியையின் பொறுப்பே இல்லை. பள்ளியில் வேறு ஆள் இல்லாததால் அவர் எடுத்துக்கொண்டார். அவர் வரும் மூன்று அரை நாளிலும் காலை வழிபாட்டு வரிசை, சீருடை, தலைமுடி, தாமதமாக வருவோர், சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை என்று எல்லாமே அவர் தலையில் விழும். ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு பாடவேளை உடற்கல்விக்கு என்று அட்டவணையில் எழுதியிருந்தாலும், இரண்டாம் பருவத்துக்குப் பிறகு கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது இங்கும் நடந்தது. விளையாட்டுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது மாநிலம் முழுதும் பரவிய பழக்கம். பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். மறுக்கும் வலு பகுதிநேர ஆசிரியைக்கு இல்லை என்பதே அங்கே சிக்கல்.

மாலைப் பயிற்சிக்கு அவருக்கு ஊதியம் கிடையாது. இருந்தும் தான் வரும் நாட்களில் ஐந்தரை வரை நின்றார். அதற்கு மேல் நின்றால் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய் ஊருக்குப் பேருந்து பிடிக்க இருட்டிவிடும். அவர் வராத நாட்களில், மாலையில் யாரும் மைதானத்தில் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பெண் பிள்ளைகள், காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம் இடிந்த மைதானம், அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லாத நிலை; அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

மண்ணும் மேட் விரிப்பும்

மைதானத்தின் தரை சரள் மண். ஓரமெல்லாம் உடைமரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளத்தில் மிதந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய அந்த மழை, இந்த மைதானத்தின் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து செம்மண் அடித்து, முள்ளை வெட்டி, ஒரு கபடிக் களம் அளவுக்குச் சமப்படுத்திக் கொடுத்தார்கள். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இவ்வளவு சிறிய இடம் போதும் என்பதாலேயே ஏழைப் பள்ளிகளுக்கு ஏற்ற ஆட்டமாகக் கபடி இருக்கிறது. ஆனி மாதக் காற்றில் புழுதி பறக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் பழக முடிந்தது. அது பெரிய இடைஞ்சலாக இல்லை.

குறுவட்டத்துக்குப் பிறகு இந்த அணி ஆடிய இன்னொரு போட்டி, மேட் எனப்படும் செயற்கை விரிப்பின் மேல் நடந்தது. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிள்ளைகளுக்கு மேட்டில் கால் நிற்கவில்லை. மேட்டுக்கென்று இருக்கும் ஷூ மூன்று பேரிடம்தான் இருந்தது. மாற்று ஆட்டக்காரர் உள்ளே போகும்போது வெளியே வருபவர் கழற்றிக் கொடுத்தார். மண்ணில் சறுக்கிப் பிடிக்கும் கணுக்கால் பிடி, மேட்டில் முழங்கையையும் முழங்காலையும் உரித்தது. கபடியில் நடந்த இந்த மாற்றம் ஹாக்கியில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது: 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு, புல்லிலும் மண்ணிலும் பழகியவர்கள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பது இந்தியா அறிந்த கதை. அதிலிருந்து மீள ஒரு வழி உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஹாக்கிக்கென்று விடுதியும் செயற்கைத் தரையும் பயிற்சியாளரும் தந்தது. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கிப் பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். தினமும் ஒரு பயிற்சியாளர், மூன்று வேளைச் சாப்பாடு, போட்டியில் இருப்பது போன்ற தரை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் பயன் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த விடுதிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு நடக்கும்போது, அதில் வந்து நிற்கிற அளவுக்கு ஒரு பிள்ளையை வளர்த்துவிடுவது பள்ளிதான். அந்தப் படி உடைந்து கிடக்கும்போது மேல்படியை மட்டும் அகலமாக்கிப் பயனில்லை.

வீட்டுக் கணக்கு

ஆகஸ்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள் மாலைப் பயிற்சிக்கு வருவது குறைந்தது. காரணம் பீடி. மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், ஆலங்குளம் என்று இந்த வட்டாரத்துப் பெண்களின் வருமானத்தில் பெரும் பகுதி பீடித் தட்டிலிருந்துதான் வருகிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பள்ளி விட்டு வரும் மகள் இலை நறுக்கிக் கொடுத்தாலோ, சுற்றிய பீடியின் வாயை மடித்துக் கொடுத்தாலோ தாய் அன்றைய கணக்கை முடிப்பார். இல்லையென்றால் இரவு பதினொரு மணி ஆகும். பகுதிநேர ஆசிரியை இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பேசினார். தாய்மார்கள் விளையாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், கூட யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டார்கள். எந்தெந்த நாள் பயிற்சி என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் அவருக்குப் பதில் இல்லை.

உணவு அடுத்த இடர். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு மட்டும்; சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மதியம் சோறும் முட்டையும் சாப்பிட்டு, நாலரை மணிக்கு மைதானத்தில் இறங்கினால் ஐந்து மணிக்கே கண் இருட்டுகிறது. அணியில் இரண்டு பேருக்கு இரத்தச் சோகை இருப்பதைப் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு ஏற்கெனவே சொல்லியிருந்தது. அவர்களைப் பிடி ஆட்டத்தில் இறக்குவது சரியா என்ற கேள்விக்கு விடை சொல்லவும் பயிற்சி பெற்ற ஒரு கண் தேவைப்பட்டது.

பயணத்தில் மட்டும் ஓர் எதிர்பாராத நன்மை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பெண்கள் அணி அந்தப் பேருந்துகள் போகும் எந்த ஊர்ப் போட்டிக்கும் காசில்லாமல் போய் வர முடிந்தது. ஆண் பிள்ளைகளின் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டுமே செல்லும்.

ஆண்கள் அணி ஏன் இல்லை

இதே பள்ளியில் அந்த ஆண்டு ஆண்கள் கபடி அணி இல்லை. முந்தைய ஆண்டு, பெரியவர் யாரும் இல்லாத ஒரு மாலையில் பயிற்சியில் எழுந்த வாக்குவாதம், மறுநாள் தெருவாரியாகப் பிரிந்த சண்டையாயிற்று. தெரு என்றால் சாதி என்பது இந்தச் சீமையில் எவருக்கும் விளக்க வேண்டாதது. பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி இங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்த அச்சம் தலைமையாசிரியைக்கு இருந்தது. ஆண்கள் மாலைப் பயிற்சியை நிறுத்திவிட்டார்.

அவருடைய முடிவின் நியாயம் புரிகிறது. ஆனால் அதன் இழப்பை எடை போடாமல் இருக்க முடியாது. பெண்கள் அணியின் பன்னிரண்டு பேர் நான்கு வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்தவர்கள். கபடி உடம்போடு உடம்பு படாமல் ஆட முடியாத ஆட்டம்; சங்கிலி போட ஒருவர் கையை மற்றவர் பற்றித்தான் ஆக வேண்டும், பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே மண்ணில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்ததையும், ஒருவர் வீட்டுச் சடங்குக்கு மற்றவர்கள் போனதையும் பள்ளியில் எல்லோரும் கவனித்தார்கள். கூட்டமும் உறுதிமொழியும் தராத ஒன்றை மைதானம் தந்தது, ஒரு பெரியவர் உடன் நின்ற நாட்களில். அவர் நிற்காத இடத்தில் அதே ஆட்டம் சண்டைக்குக் காரணமானது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடத்தைத் தென் மாவட்டங்களில் காலியாக வைத்திருப்பதன் உண்மையான விலை இதுவென்றே நான் கருதுகிறேன்.

பணம் எங்கே போகிறது

விளையாட்டுக்குத் தமிழ்நாடு அரசு செலவழிக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பெறுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு. 2024-இல் தொடங்கிய திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருட்கள். எல்லாமே நல்ல திட்டங்கள். ஆனால் பரிசும் ஒதுக்கீடும் வென்றவருக்குப் போகின்றன. பொருட்கள் ஊராட்சிக்குப் போகின்றன. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் இந்தப் பள்ளிக்கு ஊராட்சித் திட்டத்தில் இடமில்லை.

பள்ளிக்கு நேராக வரக்கூடியது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விளையாட்டு மானியம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. பந்து, வலை, வளையம், குண்டு, தட்டு என்று எல்லா ஆட்டத்துக்கும் அதிலேயே பார்க்க வேண்டும். கபடி மேட்டை அதில் நினைக்கவே முடியாது. 2024-25இல், ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்ததும் இதே திட்டத்தின் நிதியைத்தான். இரண்டு அரசுகளின் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச இது இடமில்லை என்றாலும், அதன் சுமை கடைசியில் இறங்கிய இடங்களில் பள்ளி மைதானமும் ஒன்று.

ஆறு வாரம்

குறுவட்டத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் மட்டும் பயிற்சி ஒழுங்காக நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தாய் எழுப்பிய பேச்சால் அது நடந்தது. காவல்துறையில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருவர், முன்னாள் பல்கலைக்கழக ஆட்டக்காரர், ஓய்வு கிடைத்த மாலைகளில் வந்து பிடி சொல்லிக்கொடுத்தார். வெளியாள் மட்டும் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது என்பதால், ஆசிரியைகள் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் மைதான ஓரத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சத்துணவுச் சமையலர் மதியமே பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் அவித்து வைத்தார். செலவைக் குழு உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஆறு மணிக்குப் பயிற்சி முடியும், ஆறே காலுக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும் என்று தாய்மார்களுக்கு உறுதி சொல்ல முடிந்தது. அந்த ஆறு வாரமும் பீடி வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள்கூடத் தவறவில்லை. குறுவட்ட இறுதி ஆட்டம் வரை அணி போனது அதனால்தான்.

பிறகு காலாண்டுத் தேர்வு வந்தது. ஆசிரியைகளுக்கு வேலை கூடியது. பழைய மாணவிக்குப் பணி மாற்றம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவரும் மாலைச் சிறப்பு வகுப்புக்குப் போனார்கள். ஐப்பசி மழையில் களம் சேறானது. அரையாண்டுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது ஆட வந்தவர்கள் நான்கு பேர்.

இதிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழு மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கிறது. காலிப் பணியிடத்துக்கு நிரந்தர உடற்கல்வி ஆசிரியரை, முடிந்தால் பெண் ஒருவரை, கலந்தாய்வில் காட்டி நிரப்ப வேண்டும். அதுவரை பகுதிநேர ஆசிரியையின் மூன்று அரை நாளையும் பிற்பகலில் தொடங்கி ஆறு மணிக்கு முடியும்படி மாற்றி, மாலை நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும். மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சத்துணவுக் கூடத்திலிருந்தே மாலைப் பயறு தர ஒப்புதல் வேண்டும். முதலாவது சென்னையில் முடிவாக வேண்டியது, காலம் எடுக்கும். மற்ற இரண்டும் மாவட்ட அளவில் ஒரு கையெழுத்தில் முடியக்கூடியவை என்று நான் நம்புகிறேன். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் ஐவர் நீங்கலாக மீதமுள்ள ஏழு பேருக்கு ஜூன் முதல் வாரத்திலிருந்தே அவை நடைமுறைக்கு வந்தால்தான், ஜூலையில் குறுவட்டம் தொடங்கும் முன் ஓர் அணி உருவாகும்.